அம்புக்குறியை நிமிர்த்திய ஆரோக்கியமேரி

அதட்டினால் ஆலைவாசல் அதிரும், அணைத்தால் அழுத கண் உலரும் என்று கும்மிடிப்பூண்டி முழுக்கப் பேரெடுத்து, இன்று இந்த அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் பெண் தொழிலாளர் நல மன்றத்தின் தலைவி, அக்கா சந்திரகலா அவர்களே! மன்றத்தை மழையிலும் வெயிலிலும் சுமந்துவரும் மூத்த நிர்வாகிகளே! முதல் வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து என்னை உற்றுப் பார்க்கும் பெரியவர்களே! முதல் ஷிப்ட்டு முடித்து, முகம் கழுவி, மூன்று மணிக்கே வந்து மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துவிட்ட தாய்மார்களே! இரண்டாம் ஷிப்ட்டுக்கு லீவு சொல்லிவிட்டு வந்த தங்கைகளே, சொல்லாமலே வந்துவிட்ட தங்கைகளே! அத்திப்பட்டிலிருந்தும் ஊத்துக்கோட்டையிலிருந்தும் ஷேர் ஆட்டோவில் ஒருவர் மடியில் ஒருவராக வந்திறங்கிய உறவுகளே! பழவேற்காட்டு ஜவுளிக்கடை அமீருதீனின் மகள் அஃப்ஸானா, உங்கள் எல்லாருக்கும் வணக்கமும் சலாமும் ஸ்தோத்திரமும் சொல்லிக்கொள்கிறேன்.

அழைப்பிதழைப் பார்த்தேன். டாக்டர் அஃப்ஸானா, தாவர விஞ்ஞானி, 2009ஆம் ஆண்டு விழாச் சிறப்புரை என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். தலைப்பு வேறு கொடுத்திருக்கிறீர்கள், பெண்மையின் பெருமை என்று. மன்னிக்க வேண்டும் தலைவி அவர்களே, அந்தத் தலைப்பில் நான் பேசப்போவதில்லை. பெருமை பேசுகிற நிலைமையில் நான் இல்லை. ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

இந்த மண்டபத்திலே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். தன் கை பட்டால் செடி செத்துவிடும் என்று ஐந்து ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருக்கிறார். மன்றத்து வாசலில் இருக்கும் ரோஜாத் தொட்டிக்குக்கூட அவர் தண்ணீர் ஊற்றுவதில்லை. அந்த நம்பிக்கையை அவர் நெஞ்சில் ஆணி அடித்தது யார்? நான்! படித்தவள் நான், பட்டம் பெற்றவள் நான், பல்லைக் கடித்துக்கொண்டு பழி சொன்னவள் நான்! அந்த ஆணியைப் பிடுங்காமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

என்ன தாயே அங்கே? "யாரு, யாரு"ன்னு கேட்கிறீர்களா? சொல்கிறேன், சொல்லத்தான் வந்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவரை எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள், பாவம், சும்மா இருப்பவர்கள் பயந்துவிடுவார்கள். அதற்கு முன்னால் செடியைப் பற்றி ஒரு ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும். ஆ, பார்த்தீர்களா, அந்த மூலையிலிருந்து ஒரு பெருமூச்சு! பயப்படாதீர்கள் தங்கையே, பரீட்சை வைக்க மாட்டேன்.

ஒரு விதையை மண்ணில் போடுகிறோம். நேராகப் போட்டாலும் சரி, தலைகீழாகப் போட்டாலும் சரி, கைதவறிக் கொட்டினாலும் சரி. வேர் எங்கே போகிறது? கீழே. தண்டு எங்கே போகிறது? மேலே. வழி சொன்னது யார்? மண்ணுக்குள் விளக்கு உண்டா? விதைக்குக் கண் உண்டா? கை பிடித்துக் கூட்டிப்போக ஆள் உண்டா? இருட்டுக்குள்ளே, ஈரத்துக்குள்ளே, இம்மியளவும் தடுமாறாமல் எது மேல், எது கீழ் என்று அந்தப் பிஞ்சு வேருக்கு எப்படித் தெரிகிறது?

செடியின் செல்லுக்குள்ளே கணிகம் என்று சின்னச் சின்ன உறுப்புகள் உண்டு. அவையெல்லாம் பிறக்கும்போது நிறமில்லாமல்தான் பிறக்கும். இலைக்குப் போய், வெளிச்சம் பட்டு வளர்ந்தால், அந்தக் கணிகம் பச்சையாகிவிடும். பசுங்கணிகம் என்பார்கள். உலகத்துக்கே சோறு போடுகிற அடுப்பு அது. வேரின் நுனிக்குப் போன கணிகத்துக்கு வேறு வேலை. அது மாவுச்சத்தை வயிறு நிறைய நிரப்பிக்கொள்ளும். மாவு நிறைந்தால் கனம். கனமானால் செல்லின் அடியில் போய் உட்காரும். செடியைச் சாய்த்துப் பாருங்கள், அந்த மாவுமணிகள் உருண்டு போய்ப் புதிய அடிப்பக்கத்தில் உட்காரும். உடனே செல்லுக்குத் தெரிந்துவிடும், "ஓ, கீழே என்பது இப்போது இந்தப் பக்கம்" என்று. அந்தச் சேதி வேருக்குப் போகும். வேர் வளைந்து, மறுபடி கீழ்நோக்கி நடக்கும்.

ஒரே குழந்தைதான்! இலையில் நின்றால் பச்சை, வேரில் நின்றால் வழிகாட்டி! இந்தக் கணிகத்தை இப்படியெல்லாம் வளர்த்து ஆளாக்குவது எது? புரதங்கள். ஆயிரக்கணக்கான புரதங்கள். அவற்றில் பெரும்பாலானவை கணிகத்துக்கு வெளியே உருவாகி, உள்ளே வேலைக்கு வருகின்றன. எப்படி வரும்? உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? வாசலில் செக்யூரிட்டி இருப்பார். அட்டையைப் பார்ப்பார். சரியாக இருந்தால் உள்ளே விடுவார். கணிகத்தின் சுவரிலும் அப்படி வாசல் காக்கிற புரதங்கள் உண்டு. அந்த வாசற்புரதம் ஒன்று பிறவியிலேயே இல்லாத செடி இருந்தால் என்ன ஆகும்? உள்ளே போகவேண்டியவை போகாது. பசுங்கணிகம் முழுதாக வளராது. இலை வெளிறிப்போகும். வேருக்கும் சாய்த்தால் சட்டென்று வளையத் தெரியாது.

அப்படி ஒரு செடியைத்தான் நான் வளர்த்தேன். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த, சுண்டுவிரல் நீளச் செடி. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில், என் பேராசிரியர் துளசிராமனிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலம் அது. அதற்கு நான் வைத்த செல்லப் பெயர் வெளிறி. என் வெளிறி நாலு விதை கொடுப்பதற்குள் நானூறு தடவை நோய்ப்படும். ஆறு மாதம் பொத்திப் பொத்தி வளர்த்து, ஒரே ஒரு சோதனைக்குப் போதுமான விதைகளைச் சேர்த்தேன். என்ன சோதனை? வெளிறியின் வேர் ஏன் மந்தம்? சாய்ந்ததே அதற்குத் தெரியவில்லையா? இல்லை, தெரிந்தும் சொல்ல முடியவில்லையா? ஆறு மாத உழைப்பும் இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

இப்போது ஆரோக்கியமேரி அக்காவிடம் வருகிறேன். ஆமாம், நம் ஆரோக்கியமேரி அக்காதான். நான்காம் வரிசையில், தூண் ஓரமாக, மகள் சோனியாவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். அக்கா, எழுந்து போய்விடாதீர்கள். சோனியா, அம்மாவின் கையைப் பிடித்துக்கொள். உங்களைச் சங்கடப்படுத்த வரவில்லை அக்கா. பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்காக.

அக்காவின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். இங்கே ஒரு கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்த்தார். அந்த செக்‌ஷனுக்கு இயந்திரம் வந்தது, இவருக்கு வேலை போனது. அப்புறம் ஒரு கான்ட்ராக்ட் மூலமாக எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத் துப்புரவு வேலைக்கு வந்தார். தினமும் காலையில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் வந்து இறங்குவார். ஆறு மாதம் வேலை பார்த்தால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அவர் வந்து அப்போது மூன்றாவது வாரம்.

முதல் நாளே என்னைப் பார்த்துக் கேட்டார், "இன்னா டாக்டரம்மா, மூஞ்சி இப்டி வாடிக்கினு கீது? நாஷ்டா துன்னியா இல்லியா?" நான் அப்போது டாக்டரும் இல்லை, நாஷ்டா சாப்பிடவும் இல்லை. இரண்டையும் அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். தன் டிபன் டப்பாவைத் திறந்து இரண்டு இட்லியை எடுத்து என் கையில் வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த நாள் வந்தது. 2004ஆம் ஆண்டு, ஏப்ரல் மாதம். சதுரமான தட்டையான கண்ணாடித் தட்டுகள், மொத்தம் நாற்பது. உள்ளே தெளிந்த கூழ். கூழின் மேல் வரிசையாக என் நாற்றுகள். பாதி நல்ல செடி, பாதி வெளிறி. தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்தி வளர்த்திருந்தேன். எல்லா வேரும் நேராகக் கீழே இறங்கியிருந்தது. எது மேல்பக்கம் என்று பின்னால் தெரிய வேண்டுமே? அதனால் ஒவ்வொரு தட்டின் முதுகிலும் மார்க்கர் பேனாவால் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டேன். பிறகு காலை பதினோரு மணிக்கு நாற்பது தட்டுகளையும் கால் வட்டம் திருப்பிவைத்தேன். அம்புக்குறி எல்லாம் இப்போது பக்கவாட்டில் பார்த்தன. அப்படியே ஒரு நாள் விடவேண்டும், மறுநாள் வந்து எந்த வேர் எவ்வளவு வளைந்தது என்று அளக்கவேண்டும். கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாகப் போனேன்.

இப்போது நான் உங்களை ஒன்று கேட்கிறேன். அட்டைப்பெட்டியில் அம்புக்குறி போட்டிருக்கிறது. அது பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. நீங்கள் அந்தப் பக்கமாக நடந்து போகிறீர்கள். என்ன செய்வீர்கள்?

கேளுங்கள், கேளுங்கள், மண்டபமே சொல்கிறது! "நிமித்தி வெப்போம்!" ஏன் தாயே? அது உங்கள் வேலையா? உங்கள் லைனா? உங்கள் பெட்டியா? என்ன சொல்கிறார் அந்த அக்கா? "யார் பொட்டியா இருந்தா இன்னா? கவுந்துச்சின்னா லாட்டு பூரா ரிஜக்டு! ஒருத்தி பாக்காம போனா, லைன்ல கீற அத்தினி பேருக்கும் பேஜாரு!" கைதட்டுங்கள் அவருக்கு! இதுதான் இந்த ஊர். சாப்பிடப் போகிற வழியில் பார்த்தாலும் சரி, சங்கு ஊதி வீட்டுக்குக் கிளம்பினாலும் சரி, சாய்ந்த அம்பைக் கண்டால் நிமிர்த்தாமல் தாண்டக்கூடாது. அதைச் சட்டமாக யாரும் எழுதி ஒட்டவில்லை. உங்கள் கைகளே கற்றுக்கொண்ட ஒழுக்கம் அது. பக்கத்தில் நிற்கிறவளின் வேலை போகக்கூடாது என்கிற பாசம் அது!

ஒன்பது வருடம் அந்த ஒழுக்கத்தில் ஊறிய கை, மதியம் ஒரு மணிக்குத் தரை துடைக்க என் வளர்ப்பறைக்குள் வந்தது. நாற்பது தட்டு. நாற்பது அம்பு. நாற்பதும் சாய்ந்து கிடக்கின்றன. அந்தக் கை என்ன செய்திருக்கும்?

மறுநாள் காலையில் கதவைத் திறந்தேன். நாற்பது அம்பும் நெட்டுக்குத்தாக நின்றன. எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "யார் தொட்டது?" என்று நான் போட்ட சத்தத்தில் மூன்று மாடியும் எட்டிப் பார்த்தது. அக்கா வாளியோடு ஓடிவந்தார். சிரித்துக்கொண்டே வந்தார், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நான் பாராட்டக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

"நாந்தாம்மா. எல்லாம் சாஞ்சிக்கினு கெடந்துச்சி. ஒண்ணொண்ணா பாத்து நிமித்தி வெச்சேன். ஒண்ணு கூட ஒடையல பாரு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? சொல்லவே நாக்கு கூசுகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரைப் பார்த்து, எனக்கு இட்லி கொடுத்தவரைப் பார்த்து, "அறிவிருக்கா உனக்கு?" என்றேன். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார், "இன்னாம்மா, செடி செத்துப்பூச்சா?"

செடிகள் சாகவில்லை. என் சோதனைதான் கெட்டது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் கோபம் வந்தால் மனிதருக்கு உண்மையா கண்ணுக்குத் தெரிகிறது? புண்படுத்த எது உதவுமோ அதுதான் வாயில் வருகிறது. "ஆமாம், செத்துப்போச்சு. எல்லாத்தையும் நீதான் கொன்னுட்டே" என்றேன்.

அதோடு விட்டேனா? விடவில்லை. ஒரு பக்கத்துக்குப் புகார்க் கடிதம் எழுதினேன். நல்ல ஆங்கிலத்தில், நயமான நஞ்சு கலந்து எழுதினேன். இரண்டு நாள் கழித்து, துப்புரவுப் பணியாளர்கள் எல்லாரையும் நிற்கவைத்து அந்தக் கடிதத்தைத் தமிழில் சொல்லிக் காட்டி, அக்காவை வேலையிலிருந்து அனுப்பினார்கள். வாசலில் என்னைப் பார்த்தபோது அவர் சண்டை போடவில்லை. "தப்புதாம்மா. அம்பு சாஞ்சா அப்டியே உட்ற ஊரு ஒண்ணு கீதுன்னு எனுக்குத் தெரியாது" என்றார். அவர் ரயிலுக்குப் போனார்.

பதினோரு நாள் கழித்துப் பேராசிரியர் துளசிராமன் என்னைக் கூப்பிட்டார். "அழுது முடித்தாயிற்றா? கேமரா படங்களைப் பார்த்தாயா?" என்றார். நான்கு தட்டுகளுக்கு எதிரே ஒரு கேமரா வைத்திருந்தோம். பத்து நிமிடத்துக்கு ஒரு படம் அதுவே எடுக்கும். கெட்டுப்போன சோதனையின் படத்தை எதற்குப் பார்ப்பது என்று நான் திறக்கவே இல்லை. அவர் சொன்னதால் வேண்டாவெறுப்பாகத் திறந்தேன்.

பதினொன்று பத்து, தட்டு சாய்ந்திருக்கிறது. பன்னிரண்டு, சாய்ந்திருக்கிறது. ஒரு மணி, சாய்ந்திருக்கிறது. ஒன்று பத்துக்கு எடுத்த படத்தில் ஒரு கை! டேப்பு அறுத்து அறுத்துத் தழும்பேறிய கட்டைவிரல். சிவப்புக் கண்ணாடி வளையல். ஈரம் படக்கூடாது என்று புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு தட்டின் ஓரத்தை இரண்டே விரலால் பிடித்திருக்கிறது. தாய்மார்களே, நான் அந்தத் தட்டுகளை எத்தனையோ முறை தூக்கியிருக்கிறேன், ஒருமுறைகூட அவ்வளவு மெதுவாகத் தூக்கியதில்லை. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நான் முதலில் அழுதேன், ஆராய்ச்சி பிறகுதான்.

அடுத்தடுத்த படங்களைப் பார்த்தேன். நல்ல செடிகளின் வேர்கள், சாய்த்த இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே வளையத் தொடங்கியிருந்தன. அக்கா நிமிர்த்தியதும் திரும்பி நேராகிவிட்டன. என் வெளிறி? கை வந்த அந்த நிமிடம்வரை அதன் வேர் கம்பி மாதிரி நேராக இருந்தது. "பார், இதற்குச் சாய்ந்ததே தெரியவில்லை" என்று சொல்லிக் கோப்பை மூடியிருப்பேன். மூடவில்லை. மூன்று மணிப் படம் வந்தது. நான்கு மணிப் படம் வந்தது. தட்டு நிமிர்ந்து நிற்கிறது, சாய்வு இல்லை, வளைய இப்போது எந்தக் காரணமும் இல்லை. ஆனால் வெளிறியின் வேர் வளைகிறது! எந்தப் பக்கம்? சாய்ந்து கிடந்தபோது எது கீழாக இருந்ததோ, அந்தப் பக்கம்!

புரிகிறதா உங்களுக்கு? சாய்ந்தது அதற்குத் தெரிந்திருக்கிறது! அந்த இரண்டு மணி நேரத்திலேயே மாவுமணிகள் உருண்டு, அடியில் உட்கார்ந்து, சேதியைக் கொடுத்துவிட்டன. சேதி வேருக்குப் போய்ச்சேரத்தான் நேரமாகியிருக்கிறது. வாசற்புரதம் இல்லாததால் போனது உணர்ச்சி இல்லை, அதை எடுத்துச் சொல்கிற வேகம்! நான் திட்டமிட்டபடி ஒரு நாள் முழுக்கச் சாய்த்தே விட்டிருந்தால் இதைப் பார்த்திருக்கவே முடியாது. வளைவு குறைவு, ஆகவே உணர்வு குறைவு என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். நடுவில் நிமிர்த்தினால்தான் தெரியும். நிமிர்த்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, என் பேராசிரியருக்கும் தோன்றவில்லை. கும்மிடிப்பூண்டி பேக்கிங் செக்‌ஷனில் ஒன்பது வருடம் நின்ற ஒரு கைக்குத் தோன்றியது.

கைதட்டலை நிறுத்துங்கள், நிறுத்துங்கள். கைதட்டு வாங்கும் கதை இல்லை இது. இதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

ஓடிப்போய் அக்காவைத் தேடினேனா? இல்லை. கடிதத்தைத் திரும்ப வாங்கினேனா? இல்லை. அதே சோதனையை, அதே இரண்டு மணி நேரக் கணக்கில், மூன்று முறை செய்து பார்த்து உறுதி செய்தேன். ஆய்வேடு எழுதினேன். தட்டுகள் இரண்டு மணி நேரத்துக்குப் பின் நிமிர்த்தப்பட்டன என்று எழுதினேன். யார் நிமிர்த்தினார் என்று எழுதவில்லை. அந்த ஒரு பேரை எழுதினால், அவரைத் துரத்தியது யார் என்ற கேள்வி வருமே! டாக்டர் பட்டம் வாங்கினேன். அத்தா கடையில் எல்லாருக்கும் பிரியாணி போட்டார். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. "என்ன பிள்ளை, உடம்புக்கு சரியில்லியா?" என்று கேட்டார். ஆமாம் என்று அவரிடமும் பொய் சொன்னேன்.

சென்ற மாதம் சந்திரகலா அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். விழாவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர், சிரித்துக்கொண்டு சொன்னார். "செடி டாக்டரு நீ வர்றது நல்லதாப்போச்சு. எங்க மன்றத்துல மேரின்னு ஒருத்தி கீறா. ரோஜாத்தொட்டிக்குத் தண்ணி ஊத்துடின்னா ஊத்த மாட்டா. என் கை பட்டா செத்துரும்க்கா, ஆபீஸ்லயே எழுதிக் குடுத்துட்டாங்கன்றா. ஊட்டாண்ட ஒரு துளசிகூட வெச்சது இல்ல. நீ வந்து அவளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லு."

எழுதிக் கொடுத்துவிட்டார்களாம்! தாய்மார்களே, எழுதிக் கொடுத்த கை இதோ இந்தக் கைதான். வேலை போனதை அவர் தாங்கிக்கொண்டார். வேறு கான்ட்ராக்ட் பார்த்தார், மகளைப் படிக்கவைத்தார். ஆனால் கோபத்தில் நான் சொன்ன ஒரு பொய்யை, படித்தவள் சொன்னாள் என்பதற்காக, ஐந்து வருடம் அப்படியே நம்பியிருக்கிறார். என் பட்டம் அவருக்குச் செய்த வேலை இதுதானா? எதற்கு இந்தப் படிப்பு? எதற்கு இந்தப் பதவி? எதற்கு இந்தப் பொன்னாடை?

அக்காவைத் தனியாகப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். சந்திரகலா அக்காவுக்கு வீடு தெரியும், கூட்டிப் போகிறேன் என்றும் சொன்னார். நான்தான் மறுத்தேன். கடிதத்தைப் பத்துப் பேரை நிற்கவைத்துச் சொன்னார்கள். அதைத் திரும்ப எடுப்பதை மட்டும் காதோடு காதாகச் செய்வதா? அதனால் உங்கள் எல்லார் முன்னிலையிலும் சொல்கிறேன். 2004ஆம் ஆண்டு நான் எழுதிய அந்தப் புகார் தவறு. நேற்று ஆய்வுக்கூடத்துக்கு எழுத்திலேயே அதைச் சொல்லிவிட்டேன், நகல் தலைவியிடம் இருக்கிறது. வெளிநாட்டு இதழ் ஒன்றுக்கு இந்த ஆராய்ச்சியை அனுப்புகிறோம். தட்டுகளை முதன்முதலில் நிமிர்த்தியவர் ஆரோக்கியமேரி, கும்மிடிப்பூண்டி என்று அதில் எழுதியிருக்கிறேன். பேராசிரியர் துளசிராமன் படித்துவிட்டு, "இதை ஐந்து வருடம் முன்பே எழுதியிருக்க வேண்டாமா?" என்று மட்டும் கேட்டார்.

வேண்டும்தான். வெளிறியையாவது மன்னிக்கலாம், அதற்கு ஒரு புரதம் இல்லை. எனக்கு எது இல்லாமல் போயிற்று? தவறு என்று தெரிந்தது முதல் நாளே! தலை வணங்க ஐந்து வருடம் ஆயிற்றே! அன்பு உள்ளவர்களே, ஆலைத் தோழிகளே, உங்களுக்கும் யாரிடமாவது சொல்லவேண்டிய வார்த்தை ஒன்று நெஞ்சில் கிடந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இன்றே போய்ச் சொல்லுங்கள். வாங்கிக்கொள்கிறவர் நாம் வரும்வரை அந்த வலியோடுதான் இருக்கிறார்.

ஆரோக்கியமேரி அக்கா! அறிவிருக்கா என்று கேட்டேன், அறிவில்லாதவள் நான். உங்களை வாடவைத்துவிட்டேன். என்னை மன்னியுங்கள்.

அக்கா எழுந்து நிற்கிறார். கொஞ்சம் அமைதியாக இருங்கள், தயவுசெய்து. அக்கா, என்ன சொல்கிறீர்கள்? இன்னும் கொஞ்சம் உரக்க... அவரிடம் மைக் இல்லை, பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. நானே சொல்கிறேன்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும் டாக்டரம்மா. அத அப்பால பேசிக்கலாம். அதுங்க பொழச்சுதா, பொழைக்கலியா? அத சொல்லு மொதல்ல" என்று கேட்கிறார்.

பிழைத்தன அக்கா! நாற்பது தட்டிலும் ஒன்றுகூடச் சாகவில்லை. படங்களைப் பார்த்த அன்றே எல்லாவற்றையும் மண்ணுக்கு மாற்றினேன். பூத்தன, காய்த்தன, விதை விட்டன. அந்த விதையின் விதையின் விதை என்று இருபது தலைமுறை தாண்டிவிட்டது. இதோ, இந்த மேசைமேல் பொன்னாடைகளுக்குப் பின்னால் இருக்கிற சின்னத் தொட்டி, அதுதான். இலை வெளிறி இருக்கிறது, அது அதன் பிறவி, நோய் என்று நினைக்காதீர்கள். காலையிலிருந்து நான் அதற்குத் தண்ணீர் ஊற்றவில்லை.

வழி விடுங்கள், வழி விடுங்கள், அக்கா வருகிறார். அந்தப் படியைப் பார்த்து வாருங்கள். சோனியா, நீயும் வாம்மா. செம்பு இங்கே இருக்கிறது அக்கா. ஊற்றுங்கள், உங்கள் கை பட்டால் ஒன்றும் ஆகாது.

என் உரையை இத்துடன் முடித்துக்கொள்கிறேன். கேட்ட காதுகளுக்கும், கலங்கிய கண்களுக்கும், என்னை மேடையேற்றிய மன்றத்துக்கும், மேலே ஏறி வந்த இந்தக் கால்களுக்கும் என் நன்றி. எல்லாரும் நல்லபடியாக வீடு போய்ச் சேருங்கள், வணக்கம்.

போதும் அக்கா, போதும்! அவ்வளவு தண்ணீர் ஊற்றினால்தான் அது சாகும்!